தம்பிக்கு எம்ஆர்ஐ நார்மல்னு வந்திருக்கு, அப்போ ஸ்கிட்சோஃப்ரினியா இல்லைன்னு எடுத்துக்கலாமா?

வைகைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம், இங்க படிக்கிறதோட சரி, இதுவரைக்கும் எதுவும் எழுதினதில்ல. தம்பிக்கு 23 வயசு, இன்ஜினியரிங் முடிச்சுட்டு கோயம்புத்தூர்ல வேலைக்கு போனான், நல்லாத்தான் இருந்தான். போன வருஷம் நடுவுல இருந்து போன் எடுக்கிறதில்ல, பக்கத்து ரூம் பசங்க சுவத்துக்குள்ள மைக் வெச்சிருக்காங்க, நான் நினைக்கிறத எல்லாம் அவனுங்க சத்தமா சொல்றானுங்கன்னு ஆரம்பிச்சான், அப்புறம் வேலையையும் விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டான். வந்தும் குளிக்கிறதில்ல, ஃபேன் சுவிட்ச் போர்ட கழட்டி பாக்குறான், யாராவது கேட்டா சிரிக்கிறான்.

அப்பா முதல்ல குணசீலம் கோயிலுக்கு கூட்டிட்டு போகணும்னாரு, நான்தான் சண்ட போட்டு மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனேன். அவரு ஸ்கிட்சோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் மாதிரி தெரியுதுன்னு சொல்லி ரிஸ்பெரிடோன்னு ஒரு மாத்திரை ஆரம்பிச்சாரு, கூடவே பிரெய்ன் எம்ஆர்ஐ எழுதி கொடுத்தாரு. நேத்து ரிப்போர்ட் வந்துச்சு. கடைசி வரில "நோ சிக்னிஃபிகன்ட் அப்நார்மாலிட்டி"ன்னு இருக்கு. இத பாத்ததும் அப்பா, "மூளைல ஒண்ணும் இல்லன்னு மெஷினே சொல்லிடுச்சு, அப்புறம் எதுக்கு அவனுக்கு தூங்குற மாத்திரைய கொடுத்து படுக்க வைக்கிற"ன்னு பிடிச்சுக்கிட்டாரு.

இன்னொரு பக்கம் சித்தப்பா வாட்ஸப்ல ஒரு வீடியோ அனுப்புறாரு, அதுல ரெண்டு மூளை படம், ஒண்ணுல நடுவுல பெரிய கருப்பு ஓட்டை, இதுதான் ஸ்கிட்சோஃப்ரினியா வந்த மூளை, சுருங்கிடும்னு போட்டிருக்கான். அதே வீடியோல கடைசில மாத்திரைதான் மூளைய சுருக்குதுன்னும் சொல்றான். எனக்கு தலையே சுத்துது. மூளைல வித்தியாசம் இருக்கும்னா தம்பி ஸ்கேன்ல ஏன் தெரியல? தெரியலன்னா டாக்டர் சொன்னது தப்பா? மாத்திரைய தொடரலாமா நிறுத்தணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், அடுத்த ரிவ்யூ வரைக்கும் வீட்டுல சமாளிக்கணும்.

ஸ்கேன்ரூம்_சாமி:

சிஸ்டர், நான் எம்ஆர்ஐ டெக்னீஷியன், டாக்டர் இல்ல, அதனால வியாதிய பத்தி பேசல, ஸ்கேன பத்தி மட்டும் சொல்றேன்.

உங்க தம்பி மாதிரி கேஸ் எங்ககிட்ட வாரா வாரம் வரும். ரிக்வெஸ்ட் ஃபார்ம்ல "ஃபர்ஸ்ட் எபிசோட் சைக்கோசிஸ், ரூல் அவுட் ஆர்கானிக் காஸ்"னு எழுதியிருக்கும். சைக்கோசிஸ்னா இல்லாத குரல் கேக்கிறது, இல்லாதத நம்புறது. அதாவது ஸ்கிட்சோஃப்ரினியா இருக்கான்னு பாக்க அனுப்பல, வேற ஏதாவது இருந்து அது ஸ்கிட்சோஃப்ரினியா மாதிரி வேஷம் போடுதான்னு பாக்க அனுப்புறாங்க. கட்டி, ரத்தக்கசிவு, பழைய அடி, மூளைக்காய்ச்சல், இந்த மாதிரி. அதெல்லாம் இல்லைன்னுதான் அந்த கடைசி வரி சொல்லுது.

இன்னொண்ணு, ரொட்டீனா எடுக்கிற ஸ்கேன்ல ஒவ்வொரு ஸ்லைஸும் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் கனம். ரேடியாலஜிஸ்ட் அத ஒண்ணொண்ணா கண்ணால பாத்துட்டு போவாரு, வென்ட்ரிக்கிள் (மூளை நடுவுல திரவம் இருக்கிற குழி) வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கா, ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு. எந்த பகுதி எத்தன கன மில்லிமீட்டர்னு யாரும் அளக்கிறதில்ல. ரிசர்ச்சுக்கு எடுக்கிறப்போ 1 மில்லிமீட்டர் கனத்துல தனி சீக்வன்ஸ் ஓட்டி, அத கம்ப்யூட்டர்ல போட்டு அளப்பாங்க. ரெண்டும் வேற வேற வேலை.

அரைகுறை_ஆராய்ச்சி:

சாமி அண்ணன் சரியா சொல்லிட்டாரு, நான் அதுக்கு மேல கொஞ்சம் நீட்டுறேன், பொறுத்துக்கோங்க. நான் நியூரோசயின்ஸ்ல பிஎச்டி பண்ணிட்டு இருக்கேன், நானும் டாக்டர் இல்ல, ஆனா இந்த மூளை அளவு சமாச்சாரம் என் ஏரியாவுக்கு பக்கத்துல வருது.

முதல்ல அந்த கருப்பு ஓட்டை. அது ஓட்டை இல்ல அக்கா, வென்ட்ரிக்கிள், எல்லார் மூளைலயும் இருக்கு, உள்ள தண்ணி மாதிரி திரவம் ஓடும். 1976ல லண்டன் நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரில ஈவ் ஜான்ஸ்டோன், டிம் க்ரோ டீம் ரொம்ப வருஷமா ஸ்கிட்சோஃப்ரினியா இருந்த 17 பேருக்கு சிடி ஸ்கேன் எடுத்து, அவங்க வென்ட்ரிக்கிள் நார்மலான ஆளுங்கள விட பெருசா இருக்குன்னு காட்டினாங்க. சிடி மெஷின் அப்போதான் புதுசு, அத முதல்ல செஞ்சது பாட்டு ரெக்கார்டு போடுற ஈஎம்ஐ கம்பெனி, நாய் படம் போட்ட எச்எம்வி லேபிளோட ஓனர்! அதுவரைக்கும் ஸ்கிட்சோஃப்ரினியான்னா அம்மா வளர்ப்பு சரியில்லன்னு அமெரிக்காவுல பழி போட்டுட்டு இருந்த டாக்டர்ங்க நிறைய பேர், அதனால இந்த ரிசல்ட் பெரிய விஷயம்.

அதுக்கப்புறம் ஆயிரக்கணக்குல ஸ்கேன் வந்தாச்சு. எனிக்மான்னு ஒரு உலக கூட்டணி, பல நாட்டு சென்டர்களோட ஸ்கேன ஒண்ணா சேத்து ஒரே முறைல அளக்குறாங்க. 2016ல 2028 நோயாளி, 2540 ஆரோக்கியமான ஆளுங்கன்னு போட்டு பாத்ததுல ஹிப்போகேம்பஸ் (ஞாபகத்துக்கு முக்கியமான பகுதி) சராசரியா சின்னது, மூளை உள்ளாற இருக்கிற அமிக்டலா, தாலமஸ் பகுதிங்களும் சின்னது, வென்ட்ரிக்கிள் பெருசு, பாலிடம்னு ஒரு பகுதி சுருங்காம பெருசாவே இருந்துச்சு. 2018ல 4474 நோயாளிங்கள வெச்சு மூளையோட மேல்பட்டை, கார்டெக்ஸ், அத அளந்தாங்க, அது மெலிசா இருந்துச்சு, முக்கியமா முன்பக்கமும் காதுப்பக்கமும். ஸோ வித்தியாசம் நிஜம், அதுல சந்தேகம் வேணாம்.

இப்ப கவனிங்க, எவ்ளோ வித்தியாசம்னு. அந்த 2016 ஆய்வுல இருக்கிறதுலயே தெளிவா தெரிஞ்சது ஹிப்போகேம்பஸ், அதோட எஃபெக்ட் சைஸ் (ரெண்டு கூட்டத்தோட சராசரி எவ்ளோ தள்ளி நிக்குதுன்னு சொல்ற அளவு) 0.46. நான் கணக்கு போட்டு சொல்றேன், 100 நோயாளிங்கள நிக்க வெச்சா 68 பேருக்கு ஹிப்போகேம்பஸ் ஆரோக்கியமானவங்க சராசரிய விட சின்னதா இருக்கும், மிச்சம் 32 பேருக்கு அந்த சராசரிய விட பெருசாவே இருக்கும். ஆரோக்கியமான 100 பேர எடுத்தாலும் 50 பேர் சராசரிக்கு கீழதான், அதுதான் சராசரி. மொத்த மூளை அளவுல பாத்தா, 2013ல நெதர்லாண்ட்ஸ் குரூப் ஒண்ணு 300க்கு மேல ஆய்வுகள சேத்து பாத்ததுல மாத்திரை எடுக்குறவங்களுக்கு 2.6 சதவீதம்தான் குறைச்சல். ரெண்டு ஸ்கூல்ல பிளஸ் டூ சராசரி மார்க்குல கொஞ்சம் வித்தியாசம் இருந்தா, ஒரு பையன் மார்க்ஷீட்ட மட்டும் காட்டி இவன் எந்த ஸ்கூல்னு கேட்டா சொல்ல முடியுமா? உங்க தம்பி ஸ்கேன்லயும் அதே கதைதான். வாட்ஸப் வீடியோல வர்ற படம் இருக்கிறதுலயே மோசமான ஒண்ணையும் இருக்கிறதுலயே அழகான ஒண்ணையும் பொறுக்கி பக்கத்துல வெச்சது.

எனக்கு ரொம்ப பிடிச்ச ஆய்வு ஒண்ணு சொல்றேன். 1990ல அமெரிக்காவுல சடத், டோரி, வெயின்பெர்கர் எல்லாரும் சேந்து பண்ணினது. ஒரே மாதிரி இரட்டையர் 15 ஜோடி, ஒவ்வொரு ஜோடிலயும் ஒருத்தருக்கு ஸ்கிட்சோஃப்ரினியா இருக்கு, கூடப்பொறந்தவருக்கு இல்ல. ஜீன் ஒண்ணு, வளந்த வீடு ஒண்ணு. எம்ஆர்ஐ எடுத்து அளந்தா 15ல 14 ஜோடில நோய் இருக்கவரோட இடது ஹிப்போகேம்பஸ் முன்பகுதி சின்னது. அதோட விட்டாங்களா, எது நோயாளி ஸ்கேன்னு சொல்லாம ரெண்டையும் பக்கத்துல வெச்சு கண்ணால மட்டும் பாக்க சொன்னாங்க. 12 ஜோடில சரியா கண்டுபிடிச்சாங்க, 2 ஜோடில வித்தியாசமே தெரியல, ஒண்ணுல ஆரோக்கியமானவர நோயாளின்னு சொல்லிட்டாங்க! அச்சு அசலா அதே ஜீன் இருக்கிற இன்னொரு மூளை பக்கத்துல இருந்தே இப்படி. உங்க தம்பிக்கு அப்படி ஒப்பிட்டு பாக்க இன்னொரு மூளை இல்ல. அவனோட ஹிப்போகேம்பஸ் முன்னாடி எவ்ளோ இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.

அதனாலதான் உலகத்துல எந்த நாட்டுலயும் ஸ்கேன் வெச்சு இந்த நோய முடிவு பண்றதில்ல. பேசி, பாத்து, எத்தன மாசமா இருக்குன்னு கேட்டு, வேற காரணங்கள தள்ளிட்டுதான் முடிவு பண்றாங்க. நார்மல் ரிப்போர்ட் டாக்டர் சொன்னத பொய்யாக்கல, வேற காரணம் ஒண்ண தள்ளி விட்டிருக்கு, அவ்ளோதான்.

கொள்ளிடக்கரை:

எல்லாம் சரி பாஸ், ஆனா மாத்திரை மூளைய சுருக்குதுங்கிறத ஏன் நைசா தாண்டி போறீங்க? குரங்குக்கு கொடுத்து பாத்தாங்களே, மூளை எடை குறைஞ்சுது. எங்க சொந்தத்துல ஒருத்தர் வருஷக்கணக்கா மாத்திரை போட்டு இப்ப பொம்மை மாதிரி உக்காந்திருக்காரு. ஃபார்மா கம்பெனிக்கு வக்காலத்து வாங்காதீங்க.

அரைகுறை_ஆராய்ச்சி:

தாண்டி போகல அண்ணே, அதுக்குத்தான் வர்றேன், முதல் பதிலே ரொம்ப நீளமாயிடுச்சு.

குரங்கு ஆய்வு உண்மை. 2005ல பிட்ஸ்பர்க்ல பண்ணாங்க, மக்காக் குரங்கு 18, சிலதுக்கு ஹாலோபெரிடால், சிலதுக்கு ஒலான்சபின் (ரெண்டும் இந்த நோய்க்கு கொடுக்கிற மருந்து), மிச்சத்துக்கு வெறும் டம்மி, 17ல இருந்து 27 மாசம். மருந்து சாப்பிட்ட குரங்குங்க மூளை எடை 8ல இருந்து 11 சதவீதம் கம்மி. நோயே இல்லாத குரங்கு, அதனால இதுக்கு மருந்துதான் காரணம், வேற சொல்ல வழியில்ல. ஆனா அதே டீம் பின்னாடி எண்ணி பாத்தப்போ நியூரான் எண்ணிக்கை குறையல, துணை செல்லுங்கதான் குறைஞ்சிருந்துச்சு.

மனுஷங்கள்ல, 2011ல அயோவாவுல நான்சி ஆண்ட்ரியசன் குரூப் 211 பேர சராசரியா 7 வருஷத்துக்கு மேல ஸ்கேன் எடுத்துட்டே வந்தாங்க, மருந்து டோஸ் கூடக்கூட மூளை அளவு கொஞ்சம் கூடுதலா குறைஞ்சுது. ஆனா அங்க ஒரு சிக்கல், நோய் கடுமையா இருக்கவங்களுக்குத்தான் டோஸ் கூட்டுவாங்க, ஸோ எது எதால வந்துச்சுன்னு பிரிக்கிறது கஷ்டம். பிரிச்சு பாக்க 2020ல ஒரு ரேண்டமைஸ்டு ட்ரயல் வந்துச்சு, ஸ்கிட்சோஃப்ரினியா இல்ல, சைக்கோசிஸோட வர்ற டிப்ரஷன், குணமானவங்கள ரெண்டா பிரிச்சு பாதி பேருக்கு ஒலான்சபின தொடர்ந்தாங்க, பாதி பேருக்கு டம்மி. நல்லாவே இருந்தவங்கள்ல ஒலான்சபின் எடுத்தவங்களுக்கு கார்டெக்ஸ் கொஞ்சம் மெலிஞ்சுது. ஆனா டம்மி எடுத்து நோய் திரும்பி வந்தவங்களுக்கும் மெலிஞ்சுது! ஸோ மருந்துக்கும் பங்கு இருக்கு, நோய் திரும்ப வர்றதுக்கும் பங்கு இருக்கு. ரெண்டையும் மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்ல.

ஆனா மாத்திரை மட்டும்தான் காரணம்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். இந்த நோய்க்கு முதல் மருந்து குளோர்ப்ரோமசின் வந்ததே 1952ல. 1927லயே ஜெர்மனில ஜகோபி, விங்க்ளர்னு ரெண்டு பேர், மூளைக்குள்ள காத்து ஏத்தி எக்ஸ்ரே எடுக்கிற அந்த கொடுமையான முறைல 19 நோயாளிங்கள பாத்து வென்ட்ரிக்கிள் பெருசா இருக்குன்னு எழுதிட்டாங்க. அளவெடுத்த விதம் மோசம், ஒப்பிட நார்மல் ஆளுங்க கிடையாது, ஆனாலும் அப்போ மாத்திரைன்னு ஒண்ணு இல்ல. நான் முன்னாடி சொன்ன 2013 தொகுப்புலயும், மருந்தே தொடாத 771 பேர தனியா பாத்தப்போ அவங்களுக்கும் வித்தியாசம் இருந்துச்சு, தாலமஸ்ல மருந்து எடுத்தவங்கள விட கூடவே.

அக்கா, சுருங்குதுன்னதும் அல்சைமர் மாதிரி செல்லு செத்து போகுதுன்னு நினைச்சுடாதீங்க. இறந்தவங்க மூளைய மைக்ரோஸ்கோப்ல பாத்தா நியூரான் பெருசா அழிஞ்சிருக்காது. நியூரான் கிளைல முள்ளு முள்ளா நீட்டிட்டு இருக்கும், ஸ்பைன்னு பேரு, அங்கதான் பக்கத்து செல்லோட தொடர்பு. முன்மூளைல மூணாவது அடுக்குல அந்த முள்ளு 23 சதவீதம் கம்மின்னு பிட்ஸ்பர்க்ல டேவிட் லூயிஸ் லேப் 2000ல காட்டினாங்க. டீன் ஏஜ்ல எல்லார் மூளையும் தேவையில்லாத தொடர்ப வெட்டி விடும், இவங்களுக்கு அந்த வெட்டு கொஞ்சம் ஓவரா நடந்துடுதோன்னு ரொம்ப நாள் சந்தேகம், 2016ல சி4ங்கிற ஜீன் அந்த வெட்டுற வேலையோட சம்பந்தப்பட்டதுன்னு ஹார்வர்டு பக்கம் இருந்து வந்த பேப்பர் அதுக்கு வலு கொடுத்துச்சு. 18ல இருந்து 25க்குள்ள இந்த நோய் ஏன் தலைகாட்டுதுங்கிறதுக்கும் இது பொருந்தி வருது.

கொள்ளிடக்கரை:

சரி 1927 விஷயம் எனக்கு புதுசு. ஆனா எங்க சொந்தக்காரர் பொம்மை மாதிரி ஆனதுக்கு பதில் இல்லையே.

ரெண்டாம்_ஆட்டம்:

அதுக்கு நான் சொல்றேன் அண்ணா, ஏன்னா நானே அந்த பொம்மை. எனக்கு காலேஜ் கடைசி வருஷத்துல ஆரம்பிச்சுது, இப்ப 30ஐ தாண்டிட்டேன். ஹாலோபெரிடால்ல இருந்தப்போ கை நடுக்கம், முகம் விறைச்சு போய் கல்யாண போட்டோல எல்லாம் முறைக்கிற மாதிரி இருப்பேன். அது மூளை சுருங்கினது இல்ல, மூளைல இருக்கிற டோபமின்ங்கிற ரசாயனத்த மருந்து அடைச்சதோட சைட் எஃபெக்ட், மருந்து மாத்தினதும் போயிடுச்சு. ஆனா எதுலயும் ஆசை இல்லாம சும்மா உக்காந்திருக்கிறது இருக்கே, அது மாத்திரை போடுறதுக்கு முன்னாடியே எனக்கு இருந்துச்சு, நோயோட பாதி அதுதான், குரல் கேக்கிறது மட்டும் இல்ல. உங்க சொந்தக்காரருக்கு எதுன்னு அவரு டாக்டர்தான் பிரிச்சு சொல்லணும், டோஸ் அதிகமா இருக்கலாம், குறைக்க முடியுமான்னு கேளுங்க, வருஷக்கணக்கா அதே சீட்ட காட்டி மெடிக்கல்ல வாங்கிட்டே இருக்காதீங்க.

நான் ஒரு தடவை நிறுத்தி பாத்தேன். நிறுத்தி கொஞ்ச மாசம் சூப்பரா இருந்துச்சு, வெயிட் குறைஞ்சுது, காலைல சீக்கிரம் எழுந்தேன். அப்புறம் டிவில நியூஸ் வாசிக்கிறவங்க எனக்கு மட்டும் புரியுற மாதிரி பேச ஆரம்பிச்சாங்க. ஆஸ்பத்திரில படுத்து எழுந்து வந்தேன், வேலை போச்சு. இப்ப குளோசபின்னு வேற மாத்திரை, ரத்த டெஸ்ட் எடுத்துட்டே இருக்கணும், ராத்திரி தலகாணி நனையுற அளவுக்கு எச்சில் வடியும், வயிறு பிரச்சனை. ஆனா ஜிஎஸ்டி ஃபைலிங் வேலை பண்றேன், சம்பளம் வாங்குறேன். என் ஹிப்போகேம்பஸ் எவ்ளோன்னு சத்தியமா எனக்கு தெரியாது.

வைகைக்காரி, தம்பிகிட்ட மைக் இல்லடான்னு வாதாடாதீங்க, ஆமா இருக்குன்னும் சொல்லாதீங்க. பயமா இருக்கா, தூக்கம் வருதான்னு கேளுங்க. எங்கம்மா அப்படித்தான் என்ன பேச வெச்சாங்க.

அரைகுறை_ஆராய்ச்சி:

இதுக்கு மேல நான் என்ன சொல்ல. ஒண்ணே ஒண்ணு சேக்குறேன், ஃபின்லாந்துல 62,250 நோயாளிங்கள 20 வருஷம் ரெக்கார்டுல பாத்தாங்க, 2020ல வந்துச்சு, மருந்து எடுத்த காலத்துல இறப்பு குறைவு, குளோசபின்ல இன்னும் குறைவு. நம்ம சென்னைலயே 1981ல ஆரம்பிச்சு முதல் தடவை நோய் வந்த 90 பேர 20 வருஷத்துக்கு மேல தொடர்ந்து பாத்தாங்க, தாரா மேடம் டீம், ஸ்கார்ஃப்ங்கிற மனநல நிறுவனத்துல. அதுல நல்லபடியா தேறி வேலை, கல்யாணம்னு போனவங்க நிறைய பேர். எம்ஆர்ஐ இல்லாத காலத்துல ஆரம்பிச்ச ஆய்வு அது, ஆனா இத படிச்சா உங்கப்பாவுக்கு கொஞ்சம் தெம்பு வரும்.

வைகைக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டாம்_ஆட்டம் எழுதினத அம்மாவுக்கு வாசிச்சு காட்டினேன், அழுதுட்டாங்க, ஆனா ராத்திரி அவங்களே மாத்திரைய எடுத்து கொடுத்தாங்க. அப்பா இன்னும் மூஞ்சிய தூக்கி வெச்சுட்டு இருக்காரு.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ஸ்கேன் நார்மல்னா பின்னாடி ஊனமுற்றோர் சர்டிஃபிகேட் எதுவும் கிடைக்காதுன்னு பக்கத்து வீட்டு சார் சொல்றாரு, நிஜமா? ரெண்டாவது கேக்கவே கூச்சமா இருக்கு, எனக்கும் வருமா? நானும் ஒரு ஸ்கேன் எடுத்து பாத்துக்கலாமா?

அரைகுறை_ஆராய்ச்சி:

சர்டிஃபிகேட்டுக்கு ஸ்கேன் ரிசல்ட்ட வெச்சு மார்க் போடுறதில்ல அக்கா. ஐடியாஸ்னு ஒரு அளவுகோல் இருக்கு, தன்ன தானே பாத்துக்கிறது, மத்தவங்களோட பழகுறது, பேசி புரிஞ்சுக்கிறது, வேலை, இந்த நாலுக்கும் மார்க், அதோட எத்தன வருஷமா இருக்குன்னும் பாப்பாங்க. 40 சதவீதமாவது இருந்தாத்தான் சலுகைங்க. ஆனா இப்பவே அதுக்கு அலையாதீங்க, தம்பிக்கு ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சதே இப்பதான்.

உங்களுக்கு வருமான்னா, பொதுவா 100ல ஒருத்தருக்கு வர்ற இடத்துல கூடப்பொறந்தவங்களுக்கு 9 பேர்னு பழைய குடும்ப ஆய்வுங்க சொல்லுது. 91 பேருக்கு வராது. ஸ்கேன் எடுத்து பிரயோஜனம் இல்ல, நோய் வராத கூடப்பொறந்தவங்களுக்கும் ஹிப்போகேம்பஸ் சராசரியா கொஞ்சம் சின்னதா இருக்கிறதா பாத்திருக்காங்க, அவங்க பாட்டுக்கு நல்லாத்தான் இருக்காங்க. அளந்து தெரிஞ்சுக்கிட்டா உங்களுக்கு தூக்கம் போறதுதான் மிச்சம். கஞ்சா பக்கம் போகாம இருங்க, தம்பியையும் போக விடாதீங்க, அது மட்டும் கறாரா சொல்றேன்.

ரிவ்யூவுக்கு அப்பாவ கையோட கூட்டிட்டு போங்க, நீங்க வீட்டுல சொல்றத விட டாக்டர் வாயால "ஸ்கேன் எதுக்கு எடுத்தோம்"னு அவரு கேக்கட்டும். அதுக்கு முன்னாடி தம்பி ரொம்ப முரண்டு பிடிச்சா, சாகணும்னு பேசினா காத்திருக்காதீங்க, 14416 டெலிமானஸ், அரசாங்க மனநல ஹெல்ப்லைன், ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

ஸ்கேன்ரூம்_சாமி:

சிஸ்டர், நார்மல்தானேன்னு ஃபிலிமையும் சிடியையும் தூக்கி போட்டுடாதீங்க, பரண்ல வெயில் படுற மாதிரியும் வைக்காதீங்க. நிறைய பேர் ரிப்போர்ட் பேப்பர மட்டும் வெச்சுட்டு வருவாங்க, அதுல படம் இருக்காது. நாளைக்கு வலிப்பு கிலிப்புன்னு எதுக்காவது திரும்ப எடுக்க சொன்னா, ரேடியாலஜிஸ்ட் முதல்ல கேக்கிறது பழைய சிடி இருக்கான்னுதான்.